முதல் பயனாளி

ஆறு வருடமாக வேலை நேரத்தில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் என்னுடையது. அங்கிருக்கும் கழிப்பறைக்கு நாலு படி. என் சக்கர நாற்காலிக்குப் படியேறத் தெரியாது. சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டர் திட்டினார், "தண்ணி குடிக்கறதுல என்னம்மா கஷ்டம்?" குடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்குப் பிறகுதான்.

மனுமேல் மனு போட்டு, ஒருவழியாக எங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை கட்ட முடிவானது. ஆலோசனை சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். கூட்டம் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழேயே உட்கார்ந்திருந்தேன். மாலையில் இன்ஜினியர் இறங்கி வந்து, "உங்க கருத்தையெல்லாம் சேர்த்துட்டோம்மா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நேற்று பத்து மணிக்குத் திறப்பு விழா. அந்தத் தைரியத்தில் காலையிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தேன். பதினொன்றரை ஆகியும் நகராட்சித் தலைவர் வரவில்லை. எனக்கோ உயிர் போகிறது.

"சார், நான் போயிட்டு வந்துடறேன்."

"ரிப்பன் வெட்டாம எப்படிம்மா?" என்றார் இன்ஜினியர்.

"ரிப்பன் காத்திருக்கும் சார். என்னால முடியாது."

நாற்காலியை உருட்டினேன். ரிப்பன் அறுந்தது. உள்ளே போனால் கதவு மூடவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு. என் நாற்காலியில் இடிக்கிறது. காலி அறையில் மூடிப் பார்த்துத் திருப்தி அடைந்திருக்கிறார் மகானுபாவர்.

"சும்மா சாத்தி வெச்சுக்கோங்கம்மா, யாரு பாக்கப் போறா?" என்றார் இன்ஜினியர் வெளியிலிருந்து.

துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கு வந்ததே கோபம்! "இதை உங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட போய்ச் சொல்லுங்க சார்" என்றவர், மேடையிலிருந்த பேனரைப் பிடுங்கி ஒரு முனையை இன்ஜினியர் கையில் திணித்தார். மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு வாசலை மறைத்தார். 'தடையற்ற கழிப்பறை' என்று அதில் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது.

"சார், அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று அதட்டல் வேறு.

அப்போதுதானா தலைவர் வந்து இறங்க வேண்டும்?

"உள்ள யாரு?"

"முதல் பயனாளி, சார்!" இன்ஜினியர் குரலில் பெருமை வழிந்தது.

கூட்டம் கைதட்டியது. நான் ஒன்றுக்குப் போனதற்கு அதுவரை கைதட்டியவள் என் அம்மா மட்டும்தான். அப்போது எனக்கு ஒரு வயது. கூனிக்குறுகிப் போனேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

நான் வெளியே வந்ததும் போட்டோவுக்காகத் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். "எப்படிம்மா இருக்கு?"

நாற்காலியை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டேன்.

"நீங்களே போய்ப் பாருங்க சார். கதவு திறந்தே இருக்கட்டும். நாங்க கைதட்டறோம்."