ஒழுகாத படகு

“தலையைத் தெற்கே திருப்புங்கப்பா” என்று வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள். தினேஷ் தன் தகப்பனாரின் தோள்களையும், முனியப்பன் கால்களையும் பற்றித் தூக்கினார்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டின் கூடத்தில் ஓர் உடலைத் தெற்கு வடக்காகக் கிடத்த ஒரே ஓர் இடந்தான் உண்டு. அது அவன் தாய் ஜகதாம்பாள் படுக்கும் இடம். இறந்துபோன பெருமாள்சாமியின் கட்டில் எதிர்ச்சுவரோரமாக, நனையாத பக்கத்தில் கிடந்தது. மழைக்காலத்தில் அவள் தலைமாட்டில் அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு தூங்குவாள். இப்போது தினேஷ் அந்தக் குண்டானைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தகப்பனாரின் தலையை அங்கே வைத்தான். மகள் யசோதா அவர் நெற்றியில் விபூதி பூசி, ஒரு ரூபாய்க் காசை வைத்தாள்.

காலையிலிருந்தே ஜகதாம்பாள் அழவில்லை. “காப்பி ஆறிப்போச்சு, மாத்திக் கொண்டா” என்பதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது. அவள் சூடாகக் கலந்து எடுத்து வந்தபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. அந்தக் காப்பி இன்னும் அடுப்பங்கரை மேடையில் ஏடு படிந்து கிடக்கிறது.

முனியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனும் பெருமாள்சாமியும் பட்டாளத்தில் ஒன்றாக இருந்தவர்கள். அல்சூர் ஏரியில் பாய்மரப் படகு விடப் பழகியவர்கள். ஓய்வு பெற்றபின் பம்பாய் முதலாளி ஒருவரின் படகில் இருவரும் வேலைக்குச் சேர்ந்து, கொச்சியிலிருந்து மொரீஷியஸ் வரை கடலோடியிருந்தார்கள். அழுகை வரும்போதெல்லாம் முனியப்பன் பேசினான். பேசினால் அழுகை நிற்கும் என்று நினைத்தான் போலும்.

“காலையில கண்ணு முழிச்சதும் அண்ணனுக்கு மொத வேலை இன்னா தெரியுமா அண்ணி? இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கயித்தையும் கையால தடவிப் பார்ப்பாரு. எங்க தேஞ்சிருக்குது, எங்க பிரி விட்டிருக்குதுன்னு. உப்புத்தண்ணி எல்லாத்தையும் தின்னுடும் இல்ல? பாய் கிழிஞ்சா அவருதான். மெழுகு நூலைக் கோத்துக்கிட்டு, ஆடுற படகுல சம்மணம் போட்டு உக்காந்து தைப்பாரு.”

“தைப்பாரா?” என்றாள் ஜகதாம்பாள்.

“மெஷின்ல போட்ட மாதிரி இருக்கும்!”

இந்த வீட்டில் சட்டைப் பித்தான் அறுந்தால், சட்டையை அவள் மடியில் வீசி எறிவதே பெருமாள்சாமி அறிந்த தையல்.

“சமையலும் முறை வெச்சுத்தான். அண்ணன் முறைன்னா ரசம். அடுப்பு ஊஞ்சல் கணக்கா ஆடும், ஒரு சொட்டு சிந்த மாட்டாரு. தட்டு கழுவாதவனுக்கு அடுத்த வேளை சோறு கிடையாதுன்னு சட்டமே போட்டாரு. மொதலாளியே கழுவினாருன்னா பாத்துக்கங்களேன்!”

சூழ்ந்திருந்த பெண்களில் இரண்டொருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எங்கப்பாவா?” என்றாள் யசோதா. “மாமா, நீங்க வேற யாரையோ சொல்றீங்க.”

“சத்தியமா, கண்ணு.” முனியப்பனின் குரல் தாழ்ந்தது. “பாதி வழியில எனக்குக் காய்ச்சல். நான் படுத்திருந்த எடத்துக்கு நேர் மேல ஒழுகல். அண்ணன் தன் படுக்கையை எனக்குக் குடுத்துட்டு, இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு, அலை மேல வந்து அறையுது, மேல்தட்டுல குப்புறப் படுத்து மத்தியானம் பூரா அந்த விரிசலை அடைச்சாரு. கையெல்லாம் ரத்தம். எறங்கி வந்து, ‘முனியா, இனிமே உன் தலைமேல ஒரு சொட்டு விழாதுடா, தூங்கு’ன்னாரு. பெத்த தாய் சொல்லுவாளா அண்ணி அப்படி?”

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜகதாம்பாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சிமெண்டு ஷீட்டில், ஆணி அடித்த இடத்திலிருந்து கிளம்பிய விரிசல். அதைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள், மழைக்கு ஒன்றாக விரிந்திருந்தன. அதை அடைக்கச் சொல்லி ஆண்டுதோறும் அவள் கேட்டாள். முதலில் கெஞ்சி, பிறகு சண்டையிட்டு, பிறகு வெறும் பழக்கமாக. ஒருமுறை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “படகு ஒழுகினா முழுகிடும்டி. வூடு ஒழுகினா முழுகவா போவுது?” பரணில், விரிசல் அடைக்கும் பசை டப்பா ஒன்று திறக்கப்படாமலே இருந்தது. அவள் அதில் கை வைத்தபோது, “தொடாதே, அது படகுக்கு” என்றார். அடுத்த பயணத்துக்கு அவருக்கு அழைப்பே வரவில்லை. டப்பா மட்டும் அங்கேயே இருந்தது.

வெளியே தூறல் தொடங்கியது. ஷீட்டின்மீது அது பெருத்த ஓசையாக மாறியது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி மமதா, வழக்கம் தெரிந்தவளாகக் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

“மளெ ஜோரா வருது ஜகதாம்பாளம்மா. இதை எங்க வெக்கறது? அவரோட மொகம் இருக்கே!”

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விரிசலின் ஓரத்தில் ஒரு துளி கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் நகர்த்திடலாமாம்மா?” என்றான் தினேஷ்.

“தெற்க தலை வெச்சுக் கெடத்தியாச்சு. எடுக்கற வரைக்கும் அசைக்கக் கூடாது” என்றாள் ஜகதாம்பாள்.

முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “நான் மேல ஏறி அடைச்சுடறேன் அண்ணி. அண்ணன் கத்துக் குடுத்த வேலைதானே. ஏதாச்சும் பசை இருக்குதா?” அவன் பார்வை பரணுக்குப் போயிற்று. “அட, அந்த டப்பாதான்! அதேதான் அண்ணி!”

“அதை எடுக்காதே, முனியா.”

“ஏன் அண்ணி?”

“அது படகுக்கு.”

அவன் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான். ஜகதாம்பாள் எழுந்து, மமதாவின் கையிலிருந்து குண்டானை வாங்கினாள். அடுப்பங்கரைக்குச் சென்று, அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்தாள். ஏடு படிந்த காப்பியைக் கீழே கொட்டினாள்.

கூடத்திலிருந்து, காசின் மேல் முதல் சொட்டு விழும் ஓசை கேட்டது. குண்டானில் விழும் ஓசையைவிட அது சிறியதாக இருந்தது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்ததற்காக நின்றாள்.