நகராதே என்று சொன்ன பிறகு

"சனிக்கிழமைன்னு பார்த்து இந்த அப்டேட் வேலையை என் தலையில கட்டாதீங்க சார். எனக்கும் குடும்பம், குழந்தைன்னு இருக்கு."

"நான் மட்டும் என்ன, மரத்துலயா காய்ச்சேன்?"

"அப்போ சர்ச் அண்ணா கிட்டயே விட்டுடுங்க. அவருக்கு வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா? ஒரு தொட்டிச் செடி. தண்ணி ஊத்தினா முடிஞ்சுது."

ஆன்லைன் மீட்டிங்கில் டீம் லீடரும் டீமில் இருக்கும் ஒரு பெண்ணும் இப்படி மல்லுக்கு நின்றார்கள். சர்ச் அண்ணா முன்னதாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கம்பெனியின் 'சர்ச்', அதாவது தேடல் மென்பொருளைப் பல வருடமாகக் கட்டி மேய்ப்பவர் என்பதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர். லேசாக இருமினார்.

"ஐயோ, அண்ணா! எப்போ வந்தீங்க?"

"இப்பதாம்மா. சனிக்கிழமை நானே பாத்துக்கறேன்."

அந்தச் செடி போன மாதமே பட்டுப்போயிருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆபீசில் ஈ காக்கை இல்லை. ஆள் அசையாவிட்டால் தானே அணைகிற விளக்குகள் வேறு. அவரை ஒரு ஆளாகவே மதிக்காமல் அணைந்தன. யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் கையை ஆட்டி ஆட்டி எரியவைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

தேடல் மென்பொருள் மூன்று கன்டெய்னர்களில், அதாவது சர்வருக்குள் மூன்று தனித்தனி அறைகள் மாதிரி, ஓடுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்தி, புது வெர்ஷனை ஏற்ற வேண்டும். ஒன்றை நிறுத்தும் முன்னால், "எதையும் நகர்த்தாதே" என்று ஒரு உத்தரவு போடுவார்கள். போடாவிட்டால் மற்ற இரண்டும் பதறிப்போய், நின்றதன் தகவலையெல்லாம் தூக்கிச் சுமக்கத் தொடங்கிவிடும். நின்றது எழுந்ததும் உத்தரவை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரியானால் திரையில் மஞ்சள் பச்சையாகும். பிறகு அடுத்தது.

இரண்டு முடிந்தன. மூன்றாவது எழுந்துகொண்டிருந்தபோது போனைப் பார்த்தார். மகளின் ஸ்டேட்டஸில் பேத்தி, முன்பல் விழுந்த வாயோடு சிரித்தாள். பல் விழுந்ததே அவருக்குத் தெரியாது.

மனைவியின் காரியம் முடிந்த கையோடு, "எங்ககூட வந்துடுங்கப்பா" என்று மகள் நச்சரித்தாள். எரிந்து விழுந்தார். "நானா கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே!" அன்றைக்குப் போனவள்தான். பிடிவாதக்காரி, அப்படியே அவள் அம்மா என்று நினைத்துக்கொண்டு, இவர் தினமும் வாசல் பக்கம் காதை வைத்திருந்தார்.

போனைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், மஞ்சள். காபி குடித்துவிட்டு வந்தார். மஞ்சள். டிஸ்க்கைப் பார்த்தார், நெட்வொர்க்கைக் குடைந்தார். கல்லுளிமங்கன் மாதிரி அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் மீட்டிங்கில் மல்லுக்கு நின்ற அந்தப் பெண்ணையே போனில் கூப்பிட்டார். பின்னால் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணா, நகராதேன்னு போட்டதை எடுத்தீங்களா?"

இவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். எடுக்கவே இல்லை.

"அது மேல தப்பில்லண்ணா. நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டுப் பாவம் அப்படியே நிக்குது." கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு நான் பேசினது உங்க காதுல விழுந்துச்சா?"

"எது? குழந்தையைப் பாரும்மா, அழுவுது."

உத்தரவை எடுக்க ஒரே வரி. தட்டினார். கொஞ்ச நேரத்தில் பச்சை.

விளக்கு அணைந்தது. இந்த முறை அவர் கையை ஆட்டவில்லை. இருட்டில் போனை எடுத்தார். "எப்படி இருக்கே" என்று எழுதி அழித்தார். "பாப்பாவுக்குப் பல் விழுந்துடுச்சா" என்று எழுதி, அதையும் அழித்தார். மெஷினுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மகளுக்கு என்ன சொல்வதென்று கை ஓடவில்லை.

படிக்கிறவர்களே, உங்களிடம் கேட்கிறேன். அவர் என்ன எழுதட்டும்? ஒரே வரி போதும். கீழே பதில் போடுங்கள்.