பன்னிரண்டு காலித் தொட்டிகள்

கணவர் கிளிஃபர்டின் உடலை ஏற்றிக்கொண்டு போன கறுப்பு வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது. எனிட் ஓடிப்போய் எடுத்தாள்.

"கிளிஃபர்ட் சார் வீடுங்களா? நர்சரியில இருந்து பேசறேன். சாரோட பன்னெண்டு காஸ்மோஸும் பூத்து ரெடியா இருக்கு. எப்பவும் வெள்ளிக்கிழமையே வந்துடுவாரு, இந்தத் தடவை ஆளைக் காணோம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடிடுவோம், இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"எந்தப் பன்னெண்டு?"

"வருஷா வருஷம் வாங்குறதுதாங்க."

எனிட் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அதிகாலையில் அவர் மூச்சு நின்றபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. மூன்று வாரமாக எதிர்பார்த்திருந்த சாவு அது. இதை யார் எதிர்பார்த்தார்கள்?

மதிலோரப் பாத்தியில் வசந்தத்தில் பாப்பி பூக்கும். ஜூலை வந்தால் இலையெல்லாம் காய்ந்து வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். மேலே சாப்பாட்டு மேசை அகலத்துக்கு வெறும் மண். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஊரே தோட்டக் கதவுகளைத் திறந்து வைத்து, டீயும் கேக்கும் கொடுத்து, ஒருவர் தோட்டத்தை ஒருவர் நோட்டம் விடும் நாள். அன்றைக்கு அந்த மண்ணில் காஸ்மோஸ் பூத்துக் குலுங்கும். "எல்லாம் விதை போட்டு நானே வளர்த்தது" என்பார் கிளிஃபர்ட். ஊர் நம்பியது. நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளும் நம்பினாள். கொட்டகைப் பக்கம் போகாதே, நாற்றுக்குக் காற்று ஆகாது என்பார். போகமாட்டாள். அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீ இருந்தால் எனக்குக் கை ஓடாது என்பார்.

"திருட்டு மனுஷன்" என்றாள் வாய்விட்டு.

சமையலறையிலிருந்து மகள் க்வென் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு நம்ம கேட்டைத் திறக்க வேண்டாம்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"மதில் இடுப்பு உயரம்தான்டி. எட்டிப் பார்ப்பாங்க. கடைசி வருஷம் கிளிஃபர்டால முடியலன்னு பேசுவாங்க. கார் சாவி எங்க?"

"அப்பா போய் ஒரு நாள்கூட ஆகலம்மா!"

"அதான் சொல்றேன். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

பன்னிரண்டு மைல். எனிட் அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை. ஆப்பிள் திருடப் போகிற பிள்ளை மாதிரி பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நர்சரியில் தள்ளுவண்டியைப் பூந்தொட்டிகளால் நிறைத்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று ரோஜாப் புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். அடுத்த தெரு பெர்னார்ட். முப்பது வருஷமாகக் கிளிஃபர்டுக்குப் போட்டித் தோட்டக்காரர்.

"வெளிய வாங்க பெர்னார்ட். வண்டி தெரியுது."

தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "விஷயம் கேள்விப்பட்டேன் எனிட். என்ன சொல்றதுன்னே தெரியல."

"இதெல்லாம் விதையில இருந்து வளர்த்ததா?"

அவர் காது சிவந்தது. "ஏழு வருஷம் முன்னாடி இங்கதான் ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். அப்பறம் அவரு வெள்ளி, நான் சனின்னு பேசிக்கிட்டோம். வீட்டுல முரியலுக்குக்கூடத் தெரியாது."

"எனக்கும் தெரியாம இருந்துச்சு" என்றாள் எனிட். "பன்னெண்டையும் தூக்கி வைங்க, கை கொடுங்க."

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். அவள் கிளிஃபர்டின் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாத்திக்கு வந்தாள். மண்வெட்டியைப் போட்டால் உறங்குகிற வேர் அறுந்துவிடும் என்று பயந்து கையால் கிளறினாள். நாலு விரல் ஆழத்தில் ஒரு ஓட்டுத் துண்டு. அதைத் தூக்கினால் கீழே காலியான கறுப்புத் தொட்டி, வேருக்கு இடம் விட்டுப் புதைத்திருந்தார். பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு. வாங்கி வந்த பூந்தொட்டியை அதற்குள் இறக்கி வைத்தால் போதும், அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசித் தொட்டியை இறக்கியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே விளிம்புகளை மண் போட்டு மூடினாள்.

பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிட்டது. ஆளுக்காள் எனிட்டின் கையைப் பிடித்தார்கள், ஆனால் கண் பாத்திக்குத்தான் போனது. பெர்னார்டின் மனைவி முரியல் குனிந்து ஒரு பூவைத் தொட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பெர்னார்ட் கேக்கை மெல்லாமல் நின்றார்.

"இதுவும் அவரு விதை போட்டதா, எனிட்? படுத்த படுக்கையா இருந்தாரே?"

க்வென் அம்மாவைப் பார்த்தாள்.

"மார்ச்சுலயே போட்டுட்டாரு" என்றாள் எனிட். "கொட்டகையில வச்சு. என்னைக்கூட உள்ள விடமாட்டாரு."

முரியலின் காலடியில் ஒரு தொட்டியின் கறுப்பு விளிம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எனிட் பேச்சை நிறுத்தாமல், கழற்ற மறந்திருந்த அந்தப் பெரிய பூட்ஸின் முனையால் மண்ணை மெல்ல அதன்மேல் தள்ளினாள்.