ஹீட்டர் கழற்றிய நாள்

எங்கள் ஊரில் ஒரு ஹீட்டரைக் கழற்றினால், அது அதுவரை கொடுத்த சூடெல்லாம் அதோடு போய்விடும். இனி வரும் குளிரைச் சொல்லவில்லை. அதற்குப் புது ஹீட்டர் இருக்கிறது. கழிந்துபோன குளிர்காலங்களைச் சொல்கிறேன். அவை குளிர்ந்துவிடும்.

குன்னூரில் மார்க்கெட்டுக்கு மேலே, ஒரு பழைய பங்களாவைத் தடுத்துக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தேன். ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. வெள்ளைக்காரர் காலத்துக் கணப்புக் குழிக்குள் கம்பிச்சுருள் ஹீட்டர் ஒன்றைப் பதித்திருந்தார்கள். போட்டால் ஒரு பக்கம் மட்டும் சிவக்கும். கருகிய தூசி மணக்கும்.

"அண்ணே, உள்ள வயரெல்லாம் உருகிப்போய்க் கிடக்கு. வீடே எரிஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் வீட்டுக்காரம்மா ஃபிலோமினா. "மத்த வீட்லயெல்லாம் மாத்தியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவர் சொன்னது நியாயம். எனக்கு வேறு பயம். என் மனைவி பூரணம் தன் கடைசி மார்கழியை அந்த ஹீட்டருக்கு எதிரே கட்டிலில் படுத்துக் கழித்தாள். எலும்பில் நோய். வலியைத் தாங்கினாள், குளிரைத்தான் தாங்க முடியவில்லை. ஹீட்டரை அணைக்க விடமாட்டாள்.

கீழ்வீட்டு இராயப்பனின் நிலைமையைப் பார்த்திருந்தேன். அவருடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. ஹீட்டர் மாற்றிய மறுநாள் மேலே வந்தார்.

"எப்ப நினைச்சாலும் அம்மாவுக்குப் பல்லு கிட்டிக்குதுங்க. என்ன சொல்றாங்கன்னே விளங்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். சுவரிலிருந்த படத்தில் அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. படத்துக்கு மஃப்ளர் சுற்றிவைத்திருந்தார். பயனில்லை.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கழற்றும்போது ஹீட்டருக்கு முன்னால் ஒரு கம்பளியை வைப்பார்கள். அது அந்தக் குளிர்காலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஏற்கெனவே இருப்பதோடு சேர்ந்து ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்திலேயே வீட்டில் இருந்த பொருளாக இருக்க வேண்டும். இராயப்பன் புதுக் கம்பளி வாங்கி வைத்தார். அது ஈரமாக, மடிப்புக் கலையாமல் வாசலில் திரும்பக் கிடந்தது.

பூரணத்தின் கம்பளி, ஸ்வெட்டர், காலுறை எல்லாவற்றையும் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொடுத்துவிட்டேன். இறந்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது என்றார்கள். கட்டிலும் போயிற்று. அவளுக்குப் போர்த்தியது என்பதால் என் சால்வையும் போயிற்று.

எலக்ட்ரீஷியன் சகாயம் வந்து மெயினை அணைத்துவிட்டுக் குழிக்கு முன் குந்தி உட்கார்ந்தார்.

"அப்ப இருந்த சாமான் ஏதாவது இருக்கா சார்?"

"தேடிட்டேன். ஒண்ணும் இல்லை."

"நல்லாத் தேடுங்க. ஒரு வீட்ல நாய் படுத்த சாக்க வெச்சாங்க, அதையே ஏத்துக்கிச்சு."

அறையைச் சுற்றிப் பார்த்தேன். நாற்காலி புதிது. பாய் புதிது. சகாயம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அப்ப இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

அவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "சுமாரான சூடுதான். பரவால்ல."

"போனா திரும்பி வரலாமா?"

"பழசு எதுவும் திரும்பி வந்ததில்ல சார். புதுசுதான் வரும்."

ஃபிலோமினா கதவோரம் நின்றிருந்தார். "அப்ப வீட்டைக் காலி பண்றீங்கன்னு அர்த்தமாண்ணே? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, சாவிய ஆணியில மாட்டிருங்க."

சாவியை மாட்டினேன். அந்த மார்கழி எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அவள் பல் கிட்டியபடி கிடப்பாள். ஹீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சகாயம் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் கேட்டது.

அதே அறைதான். கட்டில் இருந்தது. கணப்புக் குழி காலியாக இருந்தது. அதிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பூரணம் உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், இவ்வளவு நரைக்காமல், நான் படுத்திருந்தேன். வலப்பக்கம் போய்ப் படுத்தேன். கட்டில் ஒருமுறை முனகியது. கொஞ்ச நேரத்தில் அவள் உதறல் அடங்கியது.

"ஏங்க, இவரு உங்களவிடச் சூடா இருக்காரு" என்று இடப்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப அவர் பக்கமே திரும்பிப் படு" என்றேன், இடப்பக்கம் படுத்திருந்த நான். எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தேன். மூன்று டம்ளர் இருந்தது.

அப்போது குழிக்குள்ளிருந்து சகாயத்தின் கை முழங்கைவரை வெளியே வந்து தரையைத் துழாவியது. கட்டிலுக்கு அடியில் ஒரு திருகாணி கிடந்தது. இறங்கி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கை உள்ளே போயிற்று.

"புதுசு மாட்டியாச்சு சார். இந்தப் பக்கம் மூடிரலாமா?"

பூரணம்தான் பதில் சொன்னாள்.

"மூடுங்க தம்பி. காத்து வருது."