பின்சந்துக் கதவு

1.

இது கூலிக்கு ஒப்புக்கொண்ட எழுத்து, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் ஜொகூர் பாரு நகர நடுவிலிருக்கும் பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கியவர்கள் அதை ஹோட்டலாக மாற்றுகிறார்கள். வரவேற்பறையில் மாட்ட ஒரு பக்க வரலாறும், பழைய அமைப்பைக் காட்டும் வரைபடமும் கேட்டார்கள். பக்கத்து ஊரான ஸ்கூடாயில் சும்மா இருந்த நான் சரி என்றேன்.

இப்படித் தொடங்கினேன்: "நகரின் நடுநாயகமாகக் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் இக்கட்டடம், ஐம்பதுகளின்

வேண்டாம். கட்டடங்களைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள்.

2.

மூலையில் வளைந்து திரும்பும் முகப்பு. கல்லைப் போலத் தெரியும் சாம்பல் நிற ஷாங்காய் சிமெண்டுப் பூச்சு. வெயிலை மறைக்க நெட்டுக்குத்தாக நிற்கும் சிமெண்டுப் பலகைகள். மொசைக் தரை. பின்பக்கம் பாதுகாப்பு அறை, அதற்குள் நகைப் பெட்டகம். உரிமையாளர்கள் தந்த குறிப்பில், "கட்டடத்துக்கு ஒரே வாசல்" என்று பெருமையாகப் போட்டிருந்தது.

(ஒரே வாசல் என்று அடித்துச் சொல்லும் கட்டடத்தை நான் நம்புவதில்லை. இத்தனை பேர் டீ குடிக்க எந்த வழியாகப் போனார்கள்?)

3.

இந்த வேலையைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்த டொரத்தியைக் கதையில் சேர்ப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏதோ ஒரு காரியத்துக்காக வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருடைய அப்பா கிரகோரி அந்தப் பெட்டகத்தின் சாவியை வைத்திருந்தவர். வேலை நேரத்தில் சாவிக்காரர் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. 1984இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகைப் பொட்டலம் ஒன்று காணாமல் போனது. யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. கிரகோரியின் வேலை மட்டும் போனது.

"அப்பா அன்னிக்கிப் பூசையில இருந்தாரு சார். தமிழ்ப் பூசை பத்து மணிக்குத்தான். சாவிய மனோகரன் அங்கிள்கிட்ட குடுத்துட்டு, பின்சந்துக் கதவு வழியா போயி, யாரு கண்ணுலயும் படாம கடைசியில நின்னுட்டு வந்துருவாரு. கதவத் தொறந்தா மேட்டுல கோயில் சிலுவை தெரியுமாம். அம்மா சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க."

(அந்நாளில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள்.)

"அப்பா ஏன் அப்பவே சொல்லல?"

"வாயே தொறக்க மாட்டேங்கறாரு. நீங்க பிளான்ல அந்தக் கதவப் போட்டுருங்க, அம்மா சொன்னது நெசம்னு ஆயிரும், அது போதும் லா. கோயில்ல இன்னும் அப்பா கையில காணிக்கைப் பைய குடுக்க மாட்டாங்க."

நான் பார்த்த எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு கதவு இல்லை.

4.

மனோகரன் அதே வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். கெலாங் பாத்தாவில் இருக்கிறார். முதல் பிரதியில் அவருக்கு ஒரு பங்களா கட்டிக் கொடுத்திருந்தேன், சந்தேகத்துக்கு வசதியாக இருந்தது. உண்மையில் சின்ன வரிசை வீடு. அடித்துவிட்டேன்.

"பின்னால கதவு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கிரகோரி என்ன சொன்னாரு?"

"இன்னும் கேக்கல."

"மொதல்ல அவரக் கேளுங்க. அவர் இருந்துச்சுன்னா இருந்துச்சு."

அலமாரியில் ஒரு கேக் டின். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கிரகோரி அனுப்புவாராம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகுமாம். (நட்பா? வாயை அடைக்கும் பலகாரமா? அப்படியென்றால் யார் வாயை யார் அடைக்கிறார்கள்?)

5.

கிரகோரிக்கு எண்பத்து மூன்று வயது. டொரத்தியும் நானும் அவரைக் கட்டடத்துக்கு அழைத்துப் போனோம். பின்பக்க நடைவழியின் கோடியில் வெள்ளை அடித்த வெறும் சுவர்.

"இங்க எந்தக் கதவும் இருந்ததில்ல, தம்பி."

"அப்பா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கப்பா!" டொரத்தி அழுதுகொண்டே வெளியே போய்விட்டார்.

கிரகோரி சுவரை நெருங்கினார். கைத்தடி இடது கைக்கு மாறியது. வலது கை சிலுவை போட நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அந்தக் கை அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கியது. பொத்தான் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

வாய் மறைத்ததைக் கை சொல்லிவிட்டது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கதவு இருந்தது, சரி. அதன் வழியாக அவர் பூசைக்குப் போனாரா, பொட்டலத்தோடு போனாரா? பூசைக்குத்தான் என்றால் அந்நேரம் சாவி மனோகரனிடம்; நாற்பது வருடமாகத் திருடன் என்ற பெயரை யாருக்காகச் சுமக்கிறார்?

காரில் ஏறும் முன் மெதுவாகக் கேட்டார். "மனோகரனப் பாத்தீங்களாமே. கதவப் பத்தி என்ன சொன்னான்?"

"உங்களக் கேக்கச் சொன்னாரு."

"நல்லவன்," என்றார். கண் கலங்கியிருந்தது.

6.

முடிவு ஒன்று: கதவை வரைகிறேன். டொரத்தி

முடிவு இரண்டு: சுவரை வரைகிறேன். கிரகோரி

இரண்டையும் முடிக்க முடியவில்லை. வரைபடம் நாளைக்குள் வேண்டுமாம். சுவர் என்றால் இரண்டு கோடுகள். கதவு என்றால் கோட்டை வெட்டி ஒரு கால்வட்டம். எல்லாச் சுவரையும் போட்டுவிட்டேன், பின்பக்க நடைவழியின் கோடியில் மூன்றடி தவிர.

பென்சிலை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். நீங்கள் எதை வரைந்தாலும் சரி, திறப்பு விழாவன்று அதன் முன்னால் கிரகோரி வந்து நிற்பார். அவருடைய வலது கையை மட்டும் பார்க்காதீர்கள்.