எதிர்வீட்டு ஆலோசகர்

நான் பை லாம்டாக்காரி. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் இப்படிக் கிரேக்க எழுத்துப் பெயரில் சங்கம் வைத்து ஒரே வீட்டில் தங்குவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் அந்தப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவள். தெருவுக்கு அந்தப் பக்கம் எட்டா ரோ சங்கத்தின் வீடு. அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி நான் அப்போது பேசாத பேச்சில்லை. வாய்க்கொழுப்புக்குத் தண்டனை தாமதமாகத்தான் வரும் போலிருக்கிறது. இப்போது நான் அந்த வீட்டுக்கு ஆலோசகர்.

எட்டா ரோவின் பழைய உறுப்பினர் ஒருவர்கூட எங்கள் ஊரில் இல்லை. உள்ளூர் ஆலோசகர் இல்லாத சங்கத்தைக் கல்லூரி நடத்த விடாது. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த டீன், ஃபிரேம் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு வருஷம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். வியாபார புத்தி. இது மூன்றாவது வருஷம். அவர் ஃபிரேமும் வாங்கவில்லை.

இந்த ஆகஸ்டில் எட்டா ரோ தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாகப் பத்துப் பேராவது சேராவிட்டால் கிளையை மூடிவிடுவார்களாம். இருந்தது இருபத்தியொரு பெண்கள். தலைவி மேரன், பன்றிப் பண்ணைக்காரர் மகள், லேசில் கலங்காதவள். கடிதத்தை அடுக்களையில் நின்றபடி இரண்டு தரம் படித்தாள்.

"மூடிட்டா இது வெறும் வீடு. நாங்க வாடகைக்கு ரூம் தேடணும்," என்றாள். "ரோண்டா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஏதாவது சொல்லுங்க."

எல்லாம் தெரியும் என்று ஒருவர் சொன்னால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாமே பை லாம்டா சரக்கு.

சங்கங்கள் புதுப் பெண்களைச் சேர்க்கும் தேர்வு வாரத்தில் கடைசி மாலைதான் முக்கியம். சேர நினைக்கும் பெண்கள் அன்று இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு, எந்த வீடு என்று எழுதிக் கொடுப்பார்கள். என் காலத்தில் பை லாம்டாவில் அன்று விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொருத்தியின் மணிக்கட்டிலும் பச்சை ரிப்பன் கட்டி, "இந்தக் கை உன்னை விடாது" என்று சொல்லுவோம். அழாத பெண் கிடையாது. அந்த வழக்கத்தை இப்போது விட்டுவிட்டார்கள் என்று பழைய மாணவிகளின் தேநீர் விருந்தில் யாரோ சொன்ன ஞாபகம். சும்மா கிடப்பதை எடுத்தால் திருட்டா என்ன? ரிப்பனை மஞ்சளாக மாற்றினேன். என் நேர்மை அந்த அளவில் வேலை செய்தது.

இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தேன். அயோவாவில் ஆகஸ்டு கடைசியில் களைச்செடிகள் பூத்தால் என் மூக்கு குழாய் மாதிரி ஆகிவிடும். "இந்தக் கை," என்று சொல்லி, மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சி, "உன்னை விடாது," என்று முடிப்பேன். பெண்கள் பயபக்தியோடு கவனித்தார்கள்.

என் மகள் பிரிட்டாவும் அதே கல்லூரியில் முதல் வருஷம். அவளும் சங்கத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். முடிவு வரும்வரை நான் அவளிடம் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது விதி. எனக்குக் கவலையே இல்லை. அவள் பை லாம்டாதான் என்பது அவள் பிறந்தபோதே நான் எடுத்த முடிவு. அங்கே தாய் தன் பேட்ஜை மகளுக்குக் குத்திவிடுவது வழக்கம். பதினெட்டு வருஷமாக என் பேட்ஜ் ஒரு நீலப் பெட்டியில் காத்திருந்தது.

கடைசி மாலை எட்டா ரோ வீட்டுக்குப் பதினான்கு பேர் வந்தார்கள், பிரிட்டா உட்பட. எல்லோரும் எதிரே பை லாம்டாவுக்குப் போய்விட்டு வந்தவர்கள். அடுக்களைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேரன் மஞ்சள் ரிப்பனை எடுத்தாள். முதல் பெண் கையை நீட்டினாள். அதில் ஏற்கெனவே பச்சை ரிப்பன் இருந்தது. அடுத்தவள் கையிலும் இருந்தது. பதினான்கு கைகளிலும் இருந்தது.

பை லாம்டாக்காரர்கள் அந்த வழக்கத்தை விடவே இல்லை.

நான் சாமான் அறைக்குள் போய் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆலோசகருக்கு உகந்த இடம் அதுதான். பிறகு மேரனின் குரல் கேட்டது.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு. அதை நீட்டு."

யாரோ சிரித்தார்கள். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இருபத்தியொரு பேரும் ஒரே குரலில் "இந்தக் கை" என்றார்கள். இருபத்தியொரு மூக்குகளும் ஒன்றாக உறிஞ்சின. பிறகு "உன்னை விடாது" என்றார்கள். என் சளியையும் பாடத்தில் சேர்த்துப் படித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பை லாம்டாவின் இப்போதைய தலைவி போனில் கூப்பிட்டாள். சங்கத்தின் சடங்குகளை வெளியே சொல்வதில்லை என்று நான் அன்று எடுத்த உறுதிமொழி ஞாபகம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். வைதிருந்தால் தேவலை.

சனிக்கிழமை மதியம் மைதானத்தில், எந்தச் சங்கம் என்று முடிவு வைத்த உறைகளைப் பிரித்துவிட்டு, புதுப் பெண்கள் அவரவர் வீட்டுக்கு ஓடி வருவார்கள். நாங்கள் புல்வெளியில் நின்று எண்ணினோம். ஒன்பது. மைதானம் காலியாகிவிட்டது. மேரன் பிடித்த பிடியில் என் விரல்கள் நசுங்கின. என்னால் இந்த வீடு போயிற்று என்று நிஜமாகவே அழுகை வந்தது.

அப்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி தெருவில் ஓடி வந்தாள். பிரிட்டா. குழந்தைக்கு வீடு மாறிவிட்டது என்று நினைத்து, அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டினேன். பத்தாவது பெண்ணைத் துரத்திவிடப் பார்த்த ஆலோசகர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் நேராக வந்து மேரன்மேல் மோதினாள்.

ஏன் என்று அப்புறம் கேட்டேன்.

"அங்கயும் நல்லாத்தாம்மா சொன்னாங்க," என்றாள். "இங்க எல்லாரும் மூக்கை உறிஞ்சினாங்க பாரு, எனக்கு நம்ம வீடு மாதிரியே இருந்துச்சு."

நவம்பரில் புதியவர்களை முறைப்படி சேர்க்கும் சடங்கு. உள்ளே எட்டா ரோக்களுக்கு மட்டும்தான் இடம். என் மகளுக்கு மேரன் பேட்ஜ் குத்த, நான் வெளியே படியில் உட்கார்ந்து பீட்சா பெட்டிகளுக்குக் காவல் இருந்தேன். நீலப் பெட்டி ஏனோ கோட்டுப் பையில் இருந்தது. பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது. எரிச்சல்தான் கொஞ்சம் கூடுதல்.

கதவு திறந்து பிரிட்டா முதலில் வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்றேன்.

"ரகசியம். உன்கிட்ட சொல்லக் கூடாது."

ஒரு பீட்சாத் துண்டை எடுத்துக் கடித்தாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. பேட்ஜ் குத்துறப்ப எல்லாரும் சேந்து மூக்கை உறிஞ்சினாங்க. யாருக்கும் சளி இல்ல. இனிமே வருஷா வருஷம் அது உண்டாம்."

நான் நீலப் பெட்டியைக் கோட்டுப் பைக்குள் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, அவளுக்கு ஒரு காகிதத் துவாலை கொடுத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.