குன்வோரின் மகளுக்குக் காது போனது

குன்வோருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இறந்துபோன அவள் கணவருக்கும் அப்படித்தான். மகள் இல்வாவுக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. வாய் பேசும் முன்பே அவளுக்குக் கை பேச வந்துவிட்டது. வளர்ந்ததும் அதுவே தொழிலாயிற்று. சுவீடனின் ஓரெப்ரோ நகரில் காது கேளாதவர்கள் நீதிமன்றம் போனாலும் ஆஸ்பத்திரி போனாலும் நடுவில் நின்று சைகையில் சொல்பவள் இல்வாதான்.

நாற்பதைத் தாண்டியதும் இடது காது அடைத்துக்கொண்டது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டாள். பிறகு வலது காதும் மங்கியது. ஒரு பிரசவ அறையில் மருத்துவச்சி "முக்காதே" என்றது அவள் காதில் "முக்கு" என்று விழ, அப்படியே சைகை காட்டிவிட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய்க்குத்தான் கூடுதல் தையல். அன்றே காது மருத்துவரிடம் ஓடினாள்.

"கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்கள் உங்க உள்காதையே எதிரின்னு நெனச்சு தாக்குதுங்க. அந்த அழற்சியில சத்தத்தை வாங்குற செல்லெல்லாம் செத்துக்கிட்டு வருது" என்றார் அவர்.

ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். முகம் உப்பியது, ஆனால் காது திரும்பக் கேட்டது. இல்வா ஜன்னலைத் திறந்து வைத்து மழையைக் கேட்டாள். அளவைக் குறைத்ததும் மறுபடி மங்கியது. மாத்திரையால் சர்க்கரையும் ஏறியது, எலும்பும் தேய்ந்தது. "இனி மாத்திரை தர முடியாது" என்று மருத்துவர் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது.

அம்மாவிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை போனாள். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த குன்வோர் விஷயம் தெரிந்ததும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கைகள் குறும்பாக ஆடின.

"வாடி வா! கடைசியில எங்க கூட்டத்துக்கே வந்துட்டியா?"

"சிரிக்காதம்மா."

"காது போனா உயிரா போயிடுச்சு? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"உனக்கு இருந்து போகலையே. எனக்கு இருந்துச்சு."

குன்வோரின் கைகள் தாழ்ந்தன. மறுபடி எழுந்தன.

"அப்ப இத்தனை வருஷமும் என்னைப் பாத்துப் பாவம்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்ல இல்வாவின் கை எழவில்லை. அம்மாவின் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குன்வோர் வெகுநேரம் மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும். பிறகு மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ பொறந்தப்போ உன் நெஞ்சுல கைய வச்சுத்தான் நீ அழறதைத் தெரிஞ்சுக்குவேன். உன் குரல் எப்படி இருக்கும்னு ஏங்கி அழுதிருக்கேன். உங்கப்பாகிட்டகூட சொன்னதில்ல. காது கேக்காத நம்மாளுங்க அதுக்கெல்லாம் அழக்கூடாதுன்னு வீம்பு."

இல்வா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையால் பேச முடியாது.

குளிர்காலம் முடியுமுன் காது முழுதும் அடங்கிவிட்டது. இல்வா வேலையை விட்டாள். அம்மா போகும் காது கேளாதோர் சங்கத்துக்குச் சனிக்கிழமைகளில் அவளும் போகிறாள். எல்லோரும் அன்பாகவே இருக்கிறார்கள். வெளியே மழை பெய்தால் மட்டும் ஜன்னலோரம் போய் நிற்பாள். குன்வோர் அவளைக் கூப்பிடுவதில்லை.